முயல் பந்து

ஹோம் ரன் என்றால் என்னவென்று 1987-இல் கள்ளக்குறிச்சியில் யாரைக் கேட்டாலும் திருதிருவென்று முழித்திருப்பார்கள். மணிமொழி படித்த ஏழாம் வகுப்பில் கேட்டால் மட்டும் வாய் ஓயாமல் சொல்வார்கள்.

“பேஸ்பால்ல பிட்சர் பந்து போடுவாங்க. நீ மட்டையால ஓங்கி அடிக்கணும், மூணு தடவ தவற வுட்டா அவுட். பந்து வேலியத் தாண்டிப் போயிடுச்சுன்னா அதான் ஹோம் ரன். அப்புறம் மைதானத்தோட நாலு மூலையயும் தொட்டு ஒரு சுத்து சுத்தி வந்தா ஒரு ஓட்டம். ஓடக்கூட வேணாம், நடந்தே வரலாம். யாரும் ஒண்ணும் கேக்க முடியாது!”

இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் விளையாட்டு ஆசிரியர் தீனதயாளன். மட்டையை ஊர்த் தச்சரிடம் சொல்லிக் கடைந்து வாங்கினார். பந்து ஒன்றே ஒன்றுதான். அதுவும் சேலத்தில் வாங்கியது. வேலி என்பது மைதானத்து ஓரத்தில் இருந்த முள்வேலி. அந்தப் பக்கம் ராஜாங்கம் என்பவரின் கரும்புத் தோட்டம்.

அந்த வேலியைத் தாண்டி அடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஏனென்றால், பந்து போடுகிறவள் சாலம்மாள்.

சாலம்மாளுக்குச் சொந்த ஊர் கல்வராயன் மலையில் கரியாலூர். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள். சாமைக் கொல்லையில் கல் வீசிக் கிளி விரட்டிய கை அது. அவள் பந்து போட்டால் ‘விர்’ரென்று வரும். மட்டையைத் தூக்குவதற்குள் பின்னால் போயிருக்கும்.

அவள் வந்த புதிதில் வகுப்பில் எல்லோரும் “மலைக்காரப் பொண்ணு” என்றுதான் கூப்பிட்டார்கள். பந்து கைக்கு வந்த பிறகுதான் அவளுக்குப் பெயரே கிடைத்தது. “சாலம்மா, போடு! சாலம்மா, விடாத!” என்று மைதானமே கத்தும். அதைக் கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை தியாகதுருகம் பள்ளிக்கூடத்தோடு போட்டி. அந்த வாரம் பார்த்துத்தான் சாலை மறியல் வந்தது.

படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டு ஊர் ஊராக ஜனங்கள் சாலையில் இறங்கிவிட்டார்கள். ரோட்டுக்குக் குறுக்கே மரங்கள் கிடந்தன. பஸ் கிடையாது. சின்னசேலத்திலிருந்து வரும் தீனதயாளன் சாரும் வர முடியவில்லை. உள்ளூர் ஆசிரியர்கள் மட்டும் வந்தார்கள். அவர்களும் மதியமானால், “போங்க, போய் விளையாடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். கசக்குமா என்ன!

ஆனால் முதல் நாளே பந்து பிய்ந்துவிட்டது. தோல் ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம். உள்ளே இருந்த தக்கை தூள் தூளாகிவிட்டது.

“போச்சுடா!” என்று தலையில் கை வைத்தான் அணித்தலைவன் இளஞ்செழியன். “சேலத்துக்கு எப்பிடிப் போறது?”

“எதுக்கு சேலம்? நான் செஞ்சு எடுத்தாரேன்” என்றாள் மணிமொழி.

அவளுடைய அப்பா செல்லமுத்து வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பஸ் நின்றதும் ஊரே சைக்கிளில் ஏறிவிட்டது. வழியெல்லாம் முள், முறிந்த கிளை. ஏறின வேகத்தில் பஞ்சராகித் திரும்பி வந்தார்கள். கடையில் பழைய டியூப் மலையாகக் குவிந்து கிடந்தது.

மணிமொழி டியூபை வளையம் வளையமாக வெட்டினாள். காகித உருண்டையின்மேல் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து மாட்டினாள். எவ்வளவு ஜாஸ்தி போடுகிறோமோ அவ்வளவு நல்ல பந்து என்று அவளுக்கு நினைப்பு. கடைசியில் பழைய தோலை மேலே போர்த்திக் கோணி ஊசியால் தைத்தாள். பார்த்தால் சேலத்துப் பந்தேதான்!

மறுநாள் மைதானத்தில் அதிசயம் நடந்தது.

சாலம்மாள் முதல் பந்தைப் போட்டாள். இளஞ்செழியன் அடித்தான். பந்து வேலியைத் தாண்டியது. அடுத்தவள் அடித்தாள், தாண்டியது. இருசப்பன் என்று ஒருவன் இருந்தான். அணியிலேயே குட்டிப் பையன். மட்டைதான் அவனைத் தூக்குகிறதா, அவன் மட்டையைத் தூக்குகிறானா என்றே தெரியாது. அவன் கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு வீசு வீசினான். அதுவும் தாண்டியது!

இருசப்பன் ஓடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மெதுவாகச் சுற்றி வந்தான்.

“அமெரிக்காவுல இந்த வருஷம் ஹோம் ரன்னா கொட்டுதுன்னு சார் சொன்னாரே! கள்ளக்குறிச்சியிலயும் கொட்டுது பாரு!” என்று குதித்தான் இளஞ்செழியன். பள்ளிச் சுவரில் ஒவ்வொருவர் பெயரையும் கரியால் எழுதி, ஹோம் ரன்னுக்கு ஒரு கோடு போட்டார்கள். நாளாக நாளாகச் சுவரே கறுத்துப்போனது.

ராஜாங்கம் கரும்புக்குள்ளிருந்து தலையை நீட்டினார். “கரும்பு வெச்சேனா, பந்து வெச்சேனா? தோட்டத்துல நிம்மதியா நடக்க முடியல!”

“மணிமொழி பந்து, மணிமொழி பந்து” என்று எல்லோரும் கொண்டாடினார்கள். மணிமொழிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சாலம்மாளை மட்டும் யாரும் கொண்டாடவில்லை.

“இன்னா சாலம்மா, இப்பிடிப் போடற?” என்றான் இளஞ்செழியன். “இருசப்பனே அடிக்கிறான்! ஞாயித்துக்கெழம நான் போடறேன். நீ வெளிய உக்காரு.”

அவள் பந்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இளஞ்செழியன் போட்ட பந்தையும் எல்லோரும் வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். “வெயிலு கண்ணுல அடிக்குது” என்றான் அவன். அன்றைக்கு வானம் முழுக்க மேகம்.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் சாலம்மாள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். தோளில் மஞ்சள் பற்று.

“இன்னா ஆச்சு?” என்றாள் மணிமொழி.

“என் கைக்குத்தான் இன்னாவோ ஆயிடுச்சு. பஸ்ஸு வுட்டதும் வூட்டுக்குப் போறேன்.”

“போயிட்டு எப்ப வருவ?”

சாலம்மாள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். மணிமொழிக்குத் திக்கென்றது. இவள் திரும்பி வர மாட்டாள்!

அன்று சாயங்காலம் மணிமொழி பந்தும் கையுமாகக் கடையில் உட்கார்ந்து யோசித்தாள். சாலம்மாளின் கைக்கு நோவு என்றால், இளஞ்செழியன் கைக்கு என்ன? யோசனையில் பந்து கை நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. விழுந்த பந்து அங்கேயே கிடக்கவில்லை. எகிறி, பஞ்சர் ஒட்ட வந்தவரின் டீ கிளாசைத் தட்டிவிட்டு, பம்பு மேல் மோதி, தெருவுக்கே போய்விட்டது!

“பந்தா அது? முயலு மாதிரி குதிக்குது!” என்றார் செல்லமுத்து, டீயைத் துடைத்துக்கொண்டே.

மணிமொழி தெருவுக்கு ஓடிப் பந்தை எடுத்தாள். சேலத்துப் பந்து தரையில் போட்டால் முழங்கால்வரைகூட எழும்பாது. அப்படியானால் தவறு சாலம்மாளின் கையில் இல்லை. பந்தில்தான்.

சொன்னால் சாலம்மாள் பிழைத்தாள். ஆனால் ‘மணிமொழி பந்து’ போய்விடும். இருசப்பனின் ஹோம் ரன்னும் போய்விடும். ஆனாலும் சாலம்மாள் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறுவதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

மறுநாள் அப்பாவின் கத்தரிக்கோலோடு மைதானத்துக்குப் போனாள்.

“எல்லாரும் இங்க பாருங்க” என்று படிக்கட்டில் பந்தைப் போட்டாள். அது அவள் தலைக்குமேல் எழும்பியது.

“அதுக்கு இன்னா?” என்றான் இளஞ்செழியன்.

“சாலம்மா கை நல்லாத்தான் இருக்குது. நாமளும் திடீர்னு பயில்வான் ஆவல. இந்தப் பந்துதான் குதிக்குது.”

“நல்ல கதையா இருக்குதே! அமெரிக்காவுலகூடத்தான் அடிக்கிறாங்க!”

“அங்கயும் பந்துமேலதான் சந்தேகம்னு சாரு சொன்னாரே. நீ பாதிய மட்டும் கேட்டுக்கினு வந்து பேசற!”

சொல்லிவிட்டுக் கத்தரியால் தையலை வெட்டினாள். உள்ளேயிருந்து டியூப் வளையங்கள் துள்ளித் துள்ளி விழுந்தன.

“அப்ப என் ஹோம் ரன்னு?” என்று மெல்லக் கேட்டான் இருசப்பன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

சாலம்மாள்தான் அவன் பக்கத்தில் வந்தாள்.

“நான் போட்ட பந்துல மட்டையப் பட வெச்சியே, அது டியூபா செஞ்சுது? நீதான் செஞ்ச. கண்ண மூடாம அடிச்ச.”

இருசப்பன் மூக்கை உறிஞ்சினான். குழாயடிக்குப் போய்ச் சட்டை முனையை நனைத்துக்கொண்டு வந்தான். சுவரில் தன் பெயருக்கு எதிரே இருந்த கோட்டைத் தானே துடைத்தான். அதற்குப் பிறகு மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? ஆளாளுக்கு அவரவர் கோட்டை அழித்தார்கள். இளஞ்செழியனுக்குத்தான் நிறைய வேலை.

“சாலம்மா, ஞாயித்துக்கெழம நீதான் போடற” என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டே. “நான் சொன்னதத் தப்பா எடுத்துக்காத.”

சனிக்கிழமை எல்லோரும் சைக்கிள் கடையில் கூடிப் புதுப் பந்து செய்தார்கள். நடுவில் ஒரு பாட்டில் தக்கை. அதைச் சுற்றிச் சணல். இழுத்துச் சுற்றியது சாலம்மாள், தைத்தது மணிமொழி. டியூப் ஒரு துண்டுகூட இல்லை. தரையில் போட்டால் ‘பொத்’தென்று விழுந்து, சமர்த்தாகக் கிடந்தது.

மறியல் முடிந்து பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தியாகதுருகம் அணி வந்து இறங்கியது. தீனதயாளன் சார்தான் நடுவர்.

அன்றைக்கு ஒரு ஹோம் ரன்கூட விழவில்லை. ராஜாங்கம் வேலியோரம் நின்று நிம்மதியாக வேடிக்கை பார்த்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நாக்குத் தள்ள ஓட வேண்டியிருந்தது. இருசப்பன் பந்தைத் தட்டிவிட்டு, விழுந்து எழுந்து முதல் மூலையைத் தொட்டுவிட்டான். “ஏ, இருசப்பா!” என்று மைதானமே கத்தியது. முட்டியில் ரத்தம், முகத்தில் சிரிப்பு.

ஆட்டத்தின் கடைசிக் கட்டம். கள்ளக்குறிச்சி ஒரே ஒரு ஓட்டம் முன்னால். தியாகதுருகத்தின் கடைசி ஆளாகப் பெரிய பையன் ஒருவன் மட்டையைச் சுழற்றிக்கொண்டு வந்தான். அவனுக்கு மீசைகூட அரும்பியிருந்தது.

சாலம்மாள் போட்டாள். ‘விர்!’ அவன் வீசினான், காற்றுதான் அகப்பட்டது. மறுபடியும் போட்டாள், மறுபடியும் காற்று. மூன்றாவது பந்துக்கு அவன் வீசிய வீச்சில் தானே ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்துவிட்டான்.

“அவுட்!” என்றார் தீனதயாளன் சார்.

பிள்ளைகள் சாலம்மாளைத் தூக்கிக்கொண்டார்கள். மணிமொழி தொண்டை கட்டுகிறவரை கத்தினாள். பெரிய பையனோ மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, பந்தைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இன்னா பந்து இது? கண்ணுலயே பட மாட்டேங்குது! உள்ள இன்னாத்த வெச்சுத் தெச்சீங்க?”

சாலம்மாள் தோழிகளின் தோளிலிருந்து இறங்கினாள். நேராக அவன் முன்னால் போய் நின்று கையை நீட்டிப் பந்தை வாங்கிக்கொண்டாள்.

“பந்துல ஒண்ணும் இல்ல” என்றாள். “போட்டது நானு.”