பின்னால் நின்று விடை சொன்னவர்

மனைவி உள்ளறையில் சிரித்தாள். கூடத்தில் உட்கார்ந்து, படித்த செய்தியையே திரும்பவும் படித்துக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அது சுருக்கென்று தைத்தது. அவள் தனியாகத்தான் இருந்தாள், குறுக்கெழுத்து போட்டுக்கொண்டு. குறுக்கெழுத்தைப் பார்த்து யாராவது அப்படிக் குழைந்து சிரிப்பார்களா?

ஞாயிற்றுக்கிழமைப் புதிர் கல்யாணமான புதிதிலிருந்தே இருவருக்கும் பொதுச்சொத்து. லேசுப்பட்ட புதிர் அல்ல. குறிப்பு ஒன்றைச் சொல்லும், விடை வேறெங்கோ ஒளிந்திருக்கும், விடைகளையெல்லாம் கோக்கும் கரு என்னவென்று புதிர் போட்டவர் மூச்சுவிட மாட்டார். அவள் மேசைமுன் உட்கார்ந்து குறிப்பை உரக்க வாசிப்பாள். அவர் பின்னால் நின்று, கட்டங்களைப் பார்க்காமல், காதால் கேட்டே விடை சொல்வார். பார்த்தால் எழுத்துகள் காட்டிக்கொடுத்துவிடும், அதில் என்ன கெட்டிக்காரத்தனம் என்பது அவர் கொள்கை. அவளும் திரும்பிப் பார்க்கக் கூடாது. துரைக்கு யோசனை கலைந்துவிடுமாம்.

போன மாதம் வந்தது வினை. வில்லை, சட்டம், மாறுகண் என்று விடைகள் விழுந்தும் கரு பிடிபடாமல் அவர் அறையை அளந்துகொண்டிருந்தபோது அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் உங்க கடைச் சமாசாரம்தாங்க. கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்ணு தெரியலையே."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்குப் பொறுக்கவில்லை. "இனிமே நீயே போட்டுக்கோ" என்று வெளியே வந்தவர்தான், அப்புறம் அந்த அறைப் பக்கம் போகவில்லை. திணறிப்போய்க் கூப்பிடுவாள் என்று காத்திருந்தார். அவள் கூப்பிடவில்லை. முன்பைவிடச் சீக்கிரமாகவே முடித்துக்கொண்டிருந்தாள்.

இன்று மழை காலையிலிருந்து விடவில்லை. சாயங்காலமே வீடு இருட்டிப்போய், ஈரச் சுண்ணாம்பு வாசனையும் காயாத துணிகளின் புழுங்கிய வாடையும் கூடத்தில் தேங்கி நிற்க, ஓட்டிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீருக்கு நடுவே அவள் குரல் மட்டும் தெளிவாக வந்தது. ஒரு குறிப்பை வாசித்தாள். நிறுத்தினாள். ஒருவர் யோசிக்கத் தேவையான அளவுக்கு நிறுத்தினாள். "அட, ஆமா" என்றாள். பென்சில் கீறியது.

போனில் யாரோ சொல்லிக்கொடுக்கிறான். அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் போன் அவர் பக்கத்து முக்காலியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

சற்றுநேரத்தில் அவள் டம்ளர்களைக் கழுவ வெளியே வந்தாள். இரண்டு டம்ளர். இரண்டிலும் தேநீர் குடித்த கறை. அவருக்கு யாரும் தேநீர் தரவில்லை.

"உள்ள யாருகிட்டப் பேசிட்டிருந்த?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கேள்வியப் பாரு."

எவ்வளவு நெஞ்சழுத்தம். அவள் திரும்பி உள்ளே போனாள். யாராக இருந்தாலும் அவன் கெட்டிக்காரன். இவர் திணறும் இடத்தில் அவன் திணறுவதில்லை. மனைவியை அவன் சிரிக்க வைத்ததைவிட, விடை சொன்னதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. அந்தப் பொறாமையை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

எழுந்தார். வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த தரையில் சுவரோரமாக நடந்தார். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கில் ஒரு வாசனை. கண்ணாடி துடைக்கும் திரவம். கடையில் நாள் முழுக்க அவர் விரல்களில் ஒட்டியிருப்பது. இன்று கடை இல்லையே.

"குழம்பிய சவாலில் நுழையலாம்," உள்ளே வாசித்தாள். "மூணு எழுத்து."

அவருக்கும் தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுத்துகளைப் புரட்டிப்போட்டார்.

"வாசல்," என்றது ஒரு குரல்.

அவருடைய குரல்.

இடுக்கில் கண்ணை வைத்தார். மேசை விளக்கு. அவள் முதுகு. அதற்குப் பின்னால் இன்னொரு முதுகு. பழுப்பு ஸ்வெட்டர். உச்சியில் சின்னதாக வழுக்கை. சலூனில் பின்பக்கம் கண்ணாடி காட்டும்போது மட்டும் அவர் பார்த்திருக்கும் வழுக்கை. அவள் தோளில் ஒரு கை. அவள் அந்தக் கையின்மேல் கன்னத்தைச் சாய்த்தாள்.

"கோவம் போயி நீங்களா வந்து நின்னீங்களே, அது போதும் எனக்கு," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "முன்னெல்லாம் இவ்வளவு பொறுமை ஏது உங்களுக்கு."

கூப்பிட வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடி. காற்றுதான்.

"குளிருதுங்க. கதவச் சாத்திட்டு வாங்க."

அந்த முதுகு திரும்பியது. அவசரப்படாமல். ஒவ்வொரு அடியாக. அவருடைய நடை. அவருடைய மூக்கு. அவருடைய கண்ணாடி. இடுக்குக்கு வந்து குனிந்து அவரைப் பார்த்தது. நேரங்கெட்ட நேரத்தில் வாசலில் வந்து நிற்கும் அந்நியனைப் பார்ப்பதுபோல. அந்த முகத்திலும் பொறாமை இருந்தது.

"யாருங்க அது?"

"யாருமில்ல," என்றது அவருடைய குரல்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அவர் இரண்டு கைகளாலும் அறைந்தார். சத்தமே எழவில்லை. உள்ளே அவள் அடுத்த குறிப்பை வாசிக்கத் தொடங்கினாள்.