இடமில்லை என்று சொன்னவன்

"ஹலோ... ஏங்க... உங்களத்தான்! செவுத்து மேல நடக்கறீங்க!"

அந்தப் பெண் சட்டென்று நின்றாள். வலது கால் கோட்டுக்கு உள்ளே, இடது கால் வெளியே. குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா செவுரு?"

"தோ... காலுக்குக் கீழ. வெள்ளையா இருக்குதே, அதான்."

"இது சுண்ணாம்புப் பவுடரு."

"இப்போ பவுடரு. அடுத்த வருஷம் செவுரு. நீங்க நிக்கறது லைப்ரரி காம்பவுண்டு."

"அப்போ அடுத்த வருஷம் வந்து முட்டிக்கறேன் சார். இன்னிக்கு லேட்டாயிடுச்சு. டோக்கன் வாங்கிட்டு பத்து பேரு நிப்பாங்க."

சொன்னவள் நிற்கவில்லை. லைப்ரரிக்குள் புகுந்து, சமுதாயக் கூடத்தின் சமையலறையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விறுவிறுவென்று போய்விட்டாள். போகிற போக்கில் ஒரே ஒரு தரம் திரும்பினாள்... அப்பப்பா, அந்தக் கண்ணு! சிரிப்பை உதட்டில் அடக்கிவிட்டாள், கண்ணில் அடக்க மறந்துவிட்டாள். சேரனுக்குக் கையிலிருந்த சுண்ணாம்புச் சட்டி சாய்ந்து ஷூ பூரா வெள்ளையானது கூடத் தெரியவில்லை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தப் பொட்டலில்தான் சமுதாயக் கூடம், நூலகம், பூங்கா மூன்றும் வரப்போகின்றன. சேரன் வேலை பார்க்கும் சென்னை கம்பெனிக்கு ஒரு வழக்கம். பிளானைக் காகிதத்தில் காட்டினால் ஜனங்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் மொத்தத்தையும் நிஜ அளவில் தரையிலேயே சுண்ணாம்பால் போட்டுவிடுவது. ஒரு வாரம் ஊரே அதில் நடந்து பார்க்கலாம். சனிக்கிழமை கூட்டத்தில் குறை சொல்லலாம். அன்றைக்கு முடிவானால் முடிவானதுதான், அப்புறம் ஒரு செங்கல் நகராது. உள்ளூர்க்காரன் என்பதால் சேரனை அனுப்பியிருந்தார்கள். நல்ல ஆளாகப் பார்த்துத்தான் அனுப்பினார்கள், போங்கள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், மேற்குப் பக்கக் கோட்டில் பத்தடி காணோம். சேரன் திரும்பப் போட்டான். அதற்கு மறுநாளும் அதே இடம், அதே பத்தடி! மற்ற மூன்று பக்கமும் போட்டது போட்டபடி இருக்க, இது மட்டும் எப்படி? எவனோ வேணும்னே அழிக்கிறான்... பிடிக்கிறேன் பார்! மூன்றாம் நாள் ஆறு மணிக்கே வந்து தண்ணி டேங்குக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டான்.

முதலில் பால் கேனோடு ஒருத்தர் போனார். அப்புறம் ஸ்கூல் பிள்ளைகள், பூக்கூடையோடு ஒரு அம்மா, மேஸ்திரி வேலைக்குப் போகிற நாலு பேர். எல்லோரும் மேற்கே இருக்கும் காலனியிலிருந்து வந்தார்கள். எல்லோரும் அந்தப் பத்தடியைத் தாண்டி பஸ்ஸுக்குப் போனார்கள். யாரும் எதையும் அழிக்கவில்லை. சும்மா நடந்தார்கள். கடைசியாக அவளும் வந்தாள்.

"அப்போ நீங்கதானா?" என்று டேங்குக்குப் பின்னாலிருந்து குதித்தான்.

"அய்யோ!" என்று நெஞ்சில் கை வைத்தாள். "காலங்காத்தால ஒளிஞ்சி வெளையாடறீங்களா சார்?"

"தினம் கோட்ட அழிக்கறது யாருன்னு பாக்க வந்தேன்."

"யாரும் அழிக்கல. நடக்கறோம். நான் பொறந்ததுல இருந்து இதான் வழி. இத உட்டா ஏரிக்கரைய சுத்தி முக்கா கிலோமீட்டர் நடக்கணும்." கண்கள் அவனை நேராகப் பார்த்தன. "ஆமா, இந்தப் பக்கம் ஏன் சார் கேட் இல்ல?"

ஒரு நொடி... ஒரே நொடிதான்.

"டிசைன்ல இடமில்லங்க" என்றான் சேரன்.

பொய்! பச்சைப் பொய்!

பத்து நாளைக்கு முன் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்து பிளானைக் காட்டினான். மேற்கில் அழகாக ஒரு கேட் இருந்தது. அவனே வரைந்ததுதான். அப்பா, அவன் நைனா என்று கூப்பிடும் பாண்டுரங்கன், விரலை அங்கே வைத்தார். "இங்க எதுக்குடா வாசலு? அந்தப் பக்கம் தொறந்து உட்டா பார்க்கு பூரா அவங்களாதான் இருப்பாங்க. நம்ம பொம்பளைங்க போய் உக்கார முடியுமா? எடுத்துடு." சேரன் சண்டை போட்டானா? ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டானா? காலேஜில் சமத்துவம் பற்றிப் பேசிக் கப்பு வாங்கிய பிள்ளை, தட்டில் இட்லி சூடாக இருக்கிறதே என்று, இடது கையால் ஒரு பட்டனைத் தட்டினான். கேட் போயே போச்சு. அவ்வளவு சுலபமாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அவள் பெயர் கலைமதி. ஈ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். தினம் சாயங்காலம் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வந்தாள். வரும்போதெல்லாம் கோட்டுக்குள் நடந்து ஒரு குறை கண்டுபிடித்தாள்.

"லேடீஸ் டாய்லெட் இந்தக் கோடியில, லைட்டு அந்தக் கோடியில! யாரு சார் போட்டது?"

"நான்தான்."

"உங்க ஊட்டுல பொம்பளைங்களே இல்லியா?"

சேரன் டாய்லெட்டை நகர்த்தினான். லைப்ரரியில் பெண்கள் உட்கார்ந்து படிக்க ஜன்னலோரம் தனி இடம் கேட்டாள், அதுவும் போட்டான். அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினான். எழுதும்போது அவள் எட்டிப் பார்ப்பாள். காதோரம் ஒரு முடி பறக்கும்... இவன் பேனா நின்றுவிடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ராஜகிரி மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஓடிப்போய் தண்ணி டேங்குக்கு அடியில் நின்றார்கள். மேலே தடதடவென்று சத்தம். கீழே இவன் ஒரு வாரமாகப் போட்ட சுவரெல்லாம் பாலாகக் கரைந்து ஓடியது. அவள் கையை நீட்டி மழையைப் பிடித்தாள். இமையில் ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. இந்த மழை நிக்கவே வேணாம்... என்று நினைத்தான் சேரன்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "எங்க தெருவுல எல்லாருக்கும் உங்க மேல செம கோவம். ஊர்க்காரங்கதான் கேட் போட வேணாம்னு சொல்லியிருப்பாங்கன்னு பேசிக்கிட்டாங்க. நான் உடல. சண்ட போட்டேன். அவரு டேப்பு புடிச்சி அளந்தாரு, நான் கண்ணால பாத்தேன், இடம் இருந்தா குடுக்க மாட்டாரான்னு. அவரு பொய் பேசற ஆளு இல்லன்னு."

சேரன் வாயைத் திறந்தான். சொல்லிவிடு... இப்பவே சொல்லிவிடு...

அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். முதல் தடவையாக, அடக்காமல். அந்தச் சிரிப்பைப் போக்கிக்கொள்ள அவனுக்குத் தைரியம் வரவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டான். மழை விட்டதும் அவள் போய்விட்டாள், அவன் அங்கேயே குறுகிப்போய் நின்றான். கோழைப் பயல்!

வெள்ளிக்கிழமை எல்லாக் கோட்டையும் மறுபடி போட்டான். மேற்குக் கோட்டில் அந்தப் பத்தடிக்கு வந்ததும் சட்டியை ஒரு தரம் கீழே வைத்தான். ஆனாலும் போட்டான்.

சனிக்கிழமை. ஷாமியானா, மைக், பிளாஸ்டிக் சேர். முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் நைனா. காலனி ஜனங்கள் கடைசி வரிசையில். ஏன் கடைசி என்று யாரும் கேட்கவில்லை, சேரனும் கேட்கவில்லை. குறைகளை ஒவ்வொன்றாகப் படித்து முடித்ததும், காலனியிலிருந்து பச்சைமுத்து எழுந்தார்.

"மேக்கால ஒரு வாசல் வேணும்னு மனு குடுத்தோம். அதுக்கு ஒண்ணும் சொல்லலியே?"

முன்வரிசையில் ஒரு சலசலப்பு. சேரன் குனிந்த தலை நிமிரவில்லை. அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"பெரியப்பா, நான்தான் அன்னிக்கே சொன்னேனே. இடமில்ல. இஞ்சினீயரு அளந்து பாத்துட்டாரு."

கலைமதி! இவனுக்காக எழுந்து நின்று, தன் சொந்த ஜனத்தின் வாயை அடைக்கிறாள். அதுவும் எதற்கு? இவன் சொன்ன பொய்க்கு.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

"இடம் இருக்குது."

கூட்டம் திரும்பியது.

"பன்னெண்டு அடி இருக்குது. மொதல்ல கேட் போட்டிருந்தேன். நான்தான் எடுத்தேன்."

"ஏன் தம்பி?" என்றார் பச்சைமுத்து, மெதுவாக.

"எங்க நைனா எடுக்கச் சொன்னாரு. ஏன் சொன்னாருன்னு எனக்குத் தெரியும். இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். நான் ஏன்னு கேக்காம எடுத்துட்டேன். காலனியில இருந்து கேட்டப்போ இடமில்லன்னு மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னேன்." கடைசி வரிசையைப் பார்த்துக் கை கூப்பினான். "வெக்கமா இருக்குது. மன்னிச்சிடுங்க."

பாண்டுரங்கன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேற்கு வாசலுக்கு யாரெல்லாம் சம்மதம் என்று கேட்டபோது முன்வரிசையில் பாதிப் பேர் கை தூக்கவில்லை. ஆனால் பின்னால் தூக்கிய கைகள் போதுமானதாக இருந்தன. வாசல் வந்துவிட்டது.

சேரன் அவளைத் தேடினான். அவள் ஓரமாக நின்றிருந்தாள். அந்தக் கண்ணில் இப்போது சிரிப்பு இல்லை, கோபம் கூட இல்லை. பக்கத்தில் போனான்.

"இனிமே எங்க தெருவுல நான் மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்?" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை அந்தப் பத்தடியில் எல்லோரும் நடந்தார்கள். அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை தூரத்தில் பார்த்தான்... ஏரிக்கரையைச் சுற்றி, வெயிலில், முக்கால் கிலோமீட்டர் நடந்து போய்க்கொண்டிருந்தாள். இவன் முகத்தில் முழிக்கக் கூடாதென்று! வாசலை வாங்கிக் கொடுத்து, வழியை விட்டே அவளைத் துரத்திவிட்டாயேடா பாவி...

வெள்ளிக்கிழமை மதியம். ஈ-சேவை மையத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. கலைமதியின் தெருவில் இருக்கும் ரத்தினம்மாள் பாட்டி மட்டும் பென்ஷன் பேப்பரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காது கேட்காது என்பது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். கலைமதி டிபன் பாக்ஸைத் திறக்கப் போனாள். கவுண்டரில் நிழல் விழுந்தது.

நிமிராமலே கேட்டாள். "வருமானமா, இருப்பிடமா, சாதியா? எந்த சர்டிபிகேட்டு?"

"எதுவும் வேணாம்."

குரல் கேட்டு விரல் நின்றது. தோளில் பெரிய பையோடு சேரன். கண் உள்ளே போய், முகம் கறுத்து... அவளுக்குத் திக்கென்றது. ஊருக்குப் போகிறான். போகட்டும். எனக்கென்ன?

"சென்னை பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்கும்."

"நேத்து உங்க தெருவுக்குப் போனேன்" என்றான். "பச்சைமுத்து அய்யா ஊட்டு வாசல்ல எல்லாரையும் கூப்புட்டு சொல்லிட்டேன். கலைமதிக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் அவங்கள ஏமாத்தினேன்னு."

"தெரியும். எங்க நைனா சொன்னாரு." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "டீ குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"குடிச்சீங்களா?"

"ரெண்டு டம்ளரு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்புறம் இன்னா? அதான் எல்லாம் சரியாப் போச்சே. பஸ்ஸு போயிடும், கெளம்புங்க."

"நான் பஸ்ஸுக்குப் போகல. எங்க ஊட்ட விட்டு வந்துட்டேன்." பையைக் கீழே வைத்தான். "காலையில நைனா கிட்ட சொன்னேன். காலனியில ஒரு பொண்ண எனக்குப் புடிச்சிருக்குது, கட்டினா அவளத்தான் கட்டுவேன்னு. துணிமணிய எடுத்துக்கடான்னுட்டாரு."

கலைமதிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"என்ன ஒரு வார்த்த கேக்காமயா? பிரச்சனன்னு வந்தா மொத கல்லு எங்க ஊட்டு மேலதான் வுழும், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அதான் பேரச் சொல்லல. எவ்ளோ கேட்டும் சொல்லல. எனக்குப் புடிச்சிருக்குதுன்னுதான் சொன்னேன். உங்களுக்குப் புடிச்சிருக்குன்னு சொல்லல... அது எனக்குத் தெரியாதே." அவன் தலை தாழ்ந்தது. "அன்னிக்கு கேட் விஷயத்துல ஊட்டுல பேசாம இருந்துட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் உங்க முன்னாடி வந்து நின்னேன். இந்த ஒரு விஷயத்துலயாவது மொதல்ல அங்க பேசிடணும்னு தோணுச்சு. நீங்க வேணாம்னு சொன்னாலும் நான் சொன்னது சொன்னதுதான். இப்போ சொல்லுங்க, போயிடறேன்... உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது கலைமதி. அதச் சொல்லக்கூட வெக்கமா இருக்குது."

ஃபேன் மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கண் நிறைந்து, வழிந்து, கீபோர்டு மேல் சொட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கோவம் இன்னும் போகல."

"ம்."

"சீக்கிரம் போகவும் போகாது."

"ம்."

"ஆனா இந்த அஞ்சு நாளா ஏரிக்கரைய சுத்தி நடந்து நடந்து... ஒவ்வொரு அடியிலயும் உன்னத்தான் நெனச்சேன்."

'உன்ன' என்றாளே! சேரன் தலையைத் தூக்கினான். அவள் டிபன் பாக்ஸை அவன் பக்கம் தள்ளினாள்.

"காலையில இருந்து சாப்டியா?"

இல்லை என்று தலையாட்டினான். அதற்கு மேல் அடக்க முடியாமல், கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பிவிட்டான்.

"இன்னாடி மதி, பாத்துக்கிட்டே நிக்கற?" பெஞ்சிலிருந்து ரத்தினம்மாளின் குரல் கணீரென்று வந்தது. "அந்தப் புள்ளைக்கு மொதல்ல சோத்தப் போடு. என் பென்ஷன் எங்கயும் ஓடிடாது."