மூன்று நடுவர், மூன்று விரல்

காலை ஏழரை மணிக்கு டாக்சியில் ஏறியவள் இடத்தைச் சொல்லவில்லை. ஆளைச் சொன்னாள்.

"உங்க அக்கா வீட்டுக்காரர் இருக்காரே, விபத்து ஆபீசர்னு சொல்வாங்களே, அவர்கிட்ட விடுங்கண்ணே."

டாக்சிக்காரன் கண்ணாடியில் பார்த்தான். நாற்பது வயதிருக்கும். முன் சீட்டைப் பிடித்திருந்த வலது கையில் மூன்று விரல்தான் இருந்தது. அதை மறைக்க அவள் மெனக்கெடவில்லை. அவன் மீட்டரைப் போட மறந்து வண்டியைத் திருப்பினான்.

மாமா முப்பது வருடம் தொழிற்சாலை விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் யாருடைய வம்பு வாசலுக்கு வந்தாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மச்சினனான டாக்சிக்காரன் அவர் பின்னாலேயே ஓடுவான். அக்கா இருவரையும் திட்டித் திட்டி ஓய்ந்துபோயிருந்தாள்.

"தகர மூடி அடிக்கிற ப்ரஸ் ஓட்டுறேங்க ஐயா" என்று அவள் மாமாவிடம் ஆரம்பித்தாள். "காலால மிதிச்சா மேல் அச்சு இறங்கும். தகடும் விரலும் அதுக்கு ஒண்ணுதான். எனக்கு ரெண்டு போச்சு. இப்ப என் தங்கச்சி அதே மெஷின்ல உட்காருறா."

"ம்."

"அதுக்காக ஒரு காவல் பெட்டி செஞ்சேன். அச்சுக்கு முன்னால ரெண்டு கம்பம், நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒளி. கை குறுக்கே போனா அச்சு பாதியில நின்னுடும். நாலு வருஷமா என் கையை விட்டுத்தான் சோதிக்கிறேன். ஒரு தடவைகூட ஏமாத்தினதில்ல. வட்டாரப் புதுக்கருவிப் போட்டியில கடைசிச் சுற்று வரைக்கும் வந்துட்டேன், நேத்துதான் நடுவருங்க முன்னால சோதனை. ஜெயிச்சா பத்துப் பட்டறையில ஒரு வருஷம் மாட்டிப் பார்ப்பாங்க. எங்க பட்டறையும் அதுல இருக்கு."

"நேத்து என்ன ஆச்சு?"

"குச்சி ரெண்டு துண்டாச்சு."

"கையை விடலையா?"

"விடத்தான் போனேன். ஒரு நடுவர் ஒத்துக்கவே இல்ல. கை வேண்டாம்மா, குச்சி வையின்னு பிடிவாதமா நின்னாரு. புண்ணியவான். இல்லேன்னா இந்த மூணும் போயிருக்கும்."

முந்தின நாள் காலை அவளே கையை விட்டுப் பார்த்திருக்கிறாள். அச்சு ஒழுங்காக நின்றிருக்கிறது. அதன் பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நடுவர்கள் மூவரும் ஆளுக்குப் பத்து நிமிடம் தனியாகப் பார்வையிட்டார்கள். முதலில் ஆலோசகர், அடுத்து டாக்டரம்மா, கடைசியாகப் பேராசிரியர். அது முடிந்த கையோடு சோதனை. முடிவு இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு.

"பெட்டியே கெட்டுப்போயிருக்கலாம் இல்லையா?" என்றார் மாமா.

"கெட்டா ப்ரஸ் ஓடாதுங்க. எந்தக் கம்பி அறுந்தாலும் அச்சு நிக்கிற மாதிரிதான் கட்டியிருக்கேன். கெட்டும் ஓடுதுன்னா, யாரோ ஓட வச்சிருக்காங்க."

மாமா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் கைப்பையிலிருந்து போட்டிப் புத்தகத்தை எடுத்தாள். நடுவர்களின் தொழில் பின்னணி ஆளுக்கு ஒரு பத்தி. பேராசிரியர்: முப்பது வருடம் மின்னணுவியல் பாடம். டாக்டரம்மா: இருபத்திரண்டு வருடம் கை அறுவை சிகிச்சை. ஆலோசகர்: இருபது வருடம் முன்பு நிர்வாகப் பட்டம், கடந்த ஒன்பது வருடங்களாகத் தொழில் ஆலோசனை, 'தொழிற்சாலை வாசலை மிதிக்காததே என் பலம், வெளியாளின் கண்ணோடு பார்ப்பேன்' என்று பேட்டி கொடுத்திருந்தார். ப்ரஸ் தொழிலோடு தொடர்புள்ள எவரும் நடுவராக இருக்கக் கூடாது என்று கடைசிப் பக்கத்தில் விதி அச்சாகியிருந்தது.

"படமும் இருக்குங்க." போனில் மூன்று படங்கள், மெஷின் பக்கத்தில் ஒவ்வொரு நடுவராக. பேராசிரியர் குனிந்திருந்தார், அவர் டை அச்சின் மேலேயே தொங்கியது. டாக்டரம்மா கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். ஆலோசகரின் டை நுனி சட்டையின் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே உள்ளே போயிருந்தது.

டாக்சிக்காரன் சிரித்தான். "சாப்பிட உட்கார்ற மாதிரி டையைச் சொருகியிருக்காரு பாருங்க. இவர்தான் குச்சி வைக்கச் சொன்ன புண்ணியவானா?"

"அவரேதான் அண்ணே."

"அப்ப அவரை விடுங்க மாமா. டாக்டரம்மா கையைத் தைக்கிறவங்க, அவங்களையும் விடுங்க. கடைசியா தனியா இருந்தது யாரு? கரண்டு சமாச்சாரம் தெரிஞ்சது யாரு? பேராசிரியர்தான். என் வண்டிமேல சத்தியம்."

"வண்டியை இழுக்காத மாப்ளே. அது ஒண்ணுதான் உனக்குன்னு இருக்கு."

போட்டி நடந்த பயிற்சிக்கூடத்தின் பட்டறையில் எண்ணெய் வாடையும் இரும்புத்தூளும் அப்பிக் கிடந்தன. பழைய ப்ரஸ் ஓரத்தில் நின்றது. மாமா அதை ஒருமுறை சுற்றி வந்து, காவல் பெட்டியின் மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே வரிசையாக இருந்த திருகாணிகளில் இரண்டை ஒரு விரல் நீளக் கம்பித்துண்டு இணைத்திருந்தது.

"இது என்னோடது இல்ல" என்றாள் அவள்.

"இது என்ன மாமா?"

"பட்டறையில இதுக்குக் காவலைத் தூங்க வைக்கிறதுன்னு பேரு. மெஷின்ல காவல் இருக்கும், ஒளி எரியும், எல்லாம் சரியாத் தெரியும். ஆனா அச்சு யாரையும் கேக்காம இறங்கும். மூடு மாப்ளே. அப்படியே இருக்கட்டும்."

"பிடுங்க வேண்டாமா?"

"வேண்டாம். நீ போய் நடுவர் மூணு பேரையும் கூட்டிட்டு வா. இந்த அம்மா இன்னொரு தடவை ஓட்டிக் காட்டணும்னு கேக்குறாங்கன்னு சொல்லு. பெட்டியைத் தொறந்ததைப் பத்தி மூச்சு விடாத."

தேநீர்க் கோப்பையும் கையுமாக இருந்தவர்களைக் கிளப்பிக் கூட்டிவர அவனுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. வழியெல்லாம் பேராசிரியரின் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தான். அவர் சங்கடப்பட்டுக் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். இவன் சந்தேகம் இன்னும் முற்றியது.

பட்டறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய சக்கரம் சுழன்றது. அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாமா நடுவர்களை அருகே அழைத்தார். பேராசிரியர் டை தொங்கத் தொங்க வந்தார். ஆலோசகர் ஒரு கையால் டை நுனியைச் சட்டைக்குள் தள்ளியபடியே வந்து இடப்பக்கம் நின்றார்.

"நேத்து என்னமோ கோளாறு" என்றார் மாமா சாதாரணமாக. "இன்னொரு தடவை பார்த்துடுவோம். இப்ப குச்சி கிடையாது. அந்த அம்மா கையையே விடுறாங்க."

டாக்சிக்காரன் பெட்டியைப் பார்த்தான். கம்பித்துண்டு உள்ளே இருக்கிறது. அவன்தான் மூடியைத் திருகினான். "மாமா..." என்றான். மாமா திரும்பவில்லை.

அவள் மூன்று விரல் கையை அச்சுக்கு அடியில் நீட்டினாள். கால் மிதியின் மேல் உயர்ந்தது.

"வேண்டாம்மா" என்று டாக்டரம்மா கத்தினார். "சுவிட்ச் எங்கே? சுவிட்ச் எங்கே?" என்று பேராசிரியர் சுவரைத் தேடினார். ஆலோசகர் வாயே திறக்கவில்லை. சடாரெனக் குனிந்து, மேசைக்கு அடியில், ஓட்டுபவரின் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் கையை விட்டு எதையோ அறைந்தார்.

மோட்டார் செத்தது. சக்கரம் மெல்ல ஓய்ந்தது.

அவள் காலை இறக்கினாள். மிதி தொளதொளவென்று ஆடியது. மிதியையும் கிளட்சையும் இணைக்கும் இரும்புக் கம்பியை மாமா மேசைமேலிருந்து எடுத்துக் காட்டினார். "கழற்றி வச்சுட்டுத்தான் உட்கார வச்சேன். மோட்டார் ஓடினாலும் அச்சு இறங்காது. மன்னிச்சுக்க மாப்ளே, உன் மூஞ்சியில எல்லாம் எழுதியிருக்கும், அதான் சொல்லல."

பிறகு ஆலோசகர் பக்கம் திரும்பினார். "அந்தச் சிவப்பு சுவிட்ச் நின்னு பார்க்கிறவங்க கண்ணுக்குத் தெரியாது சார். ரெண்டு கையும் மாட்டிக்கிட்டா முழங்காலால தட்டுறதுக்காக அங்கே வச்சிருக்கு."

"நேத்து பார்வையிட்டப்போ கவனிச்சேன்." ஆலோசகர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார்.

"மத்த ரெண்டு பேரும் அதே மெஷினைப் பத்து நிமிஷம் பார்த்தாங்க. ஒருத்தர் கத்தினாங்க, ஒருத்தர் சுவரைத் தேடினாரு. உங்களுக்கு வாய்க்கு முன்னாடி கை போச்சு. சுவிட்சைப் பத்து நிமிஷத்துல கவனிச்சுடலாம். கை தானாப் போக வருஷக்கணக்காகும். டையைத் தொட்டுப் பாருங்க."

ஆலோசகர் தொட்டுப் பார்த்தார். கை அங்கேயே நின்றுவிட்டது.

"ஓடுற மெஷின்கிட்ட வரும்போது டையைச் சொருகுறது பட்டறை மேலாளருங்க பழக்கம். சுழல்றதுல மாட்டினா கழுத்து போயிடும்னு. நேத்துப் படத்துலயும் சொருகித்தான் இருந்தீங்க. பேராசிரியருக்குக் கரண்டு தெரியும், அபாயம் தெரியாது. அவர் டை அச்சுமேலயே ஆடுச்சு."

பேராசிரியர் அவசரமாகத் தன் டையைப் பிடித்துக்கொண்டார்.

"அதைவிடப் பெரிய விஷயம் குச்சி. பெட்டி நிறுத்தும்னு நம்பினவங்க கையைத் தடுக்க மாட்டாங்க. நிறுத்தாதோன்னு வெறும் பயம்னா மூணு பேருமே தடுத்திருக்கணும். நீங்க ஒருத்தர் மட்டும் பிடிவாதமா நின்னீங்க. நிறுத்தாதுன்னு உங்களுக்கு மட்டும் தெரியும்." மாமா புத்தகத்தைப் பிரித்தார். "பட்டம் வாங்கி இருபது வருஷம். ஆலோசனை ஒன்பது வருஷம். நடுவுல பதினொரு வருஷம் காணோம். எங்கே இருந்தீங்க?"

ஆலோசகர் சொருகியிருந்த டையை உருவி வெளியே விட்டார்.

"ப்ரஸ் பட்டறையில" என்றார் ஆலோசகர் கடைசியில். "உற்பத்தி மேலாளர். இப்ப ஆலோசனை சொல்றதும் அந்த முதலாளிங்களுக்குத்தான். காவல் மாட்டினா நிமிஷத்துக்கு நாற்பது அடிக்கிற மெஷின் முப்பதுதான் அடிக்கும். இது தோத்தாகணும்னாங்க. கம்பியை வச்சேன். இந்தம்மா கைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் குச்சி..."

"நேத்து என் கைக்கு ஆகல" என்றாள் அவள். "நாளைக்கு என் தங்கச்சி கைக்கு?"



"எத்தனை தடவை இப்படிப் பாஞ்சு சுவிட்சை அடிச்சிருக்கீங்க?" என்று மாமா கேட்டார்.

"ஏழு."

"எத்தனை கை தப்பிச்சுது?"

"ரெண்டு. மீதி அஞ்சுக்கும் தொழிலாளியின் கவனக்குறைவுன்னு எழுதினேன்."

"தெரியும். அந்த மாதிரிக் காகிதத்துக்கெல்லாம் கீழே கையெழுத்துப் போட்ட ஆளு நான்." மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகு நேரம் துடைத்தார். டாக்சிக்காரனுக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவள் எழுந்து காவல் பெட்டியின் மூடியைத் திறந்தாள். "பேராசிரியர் சார், நீங்களே பிடுங்குங்க." பேராசிரியர் கம்பித்துண்டைப் பிடுங்கி டாக்டரம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அவள் இணைப்புக் கம்பியைத் தன் கையாலேயே மாட்டினாள். மோட்டாரைப் போட்டாள்.

"இப்பப் பாருங்க. ரெண்டு பேர் பார்த்தாப் போதும்."

ஆலோசகர் வாசலை நோக்கி நடந்தார்.

"நீங்களும் நில்லுங்க சார்" என்றாள். அவர் நின்றார்.

அவள் கையை அடியில் நீட்டி மிதியை ஓங்கி மிதித்தாள். தட் என்று ஒரு சத்தம். கிளட்ச் பிடித்த சத்தமா, விட்ட சத்தமா என்று டாக்சிக்காரனுக்குத் தெரியவில்லை. அவன் கண்ணை இறுக மூடியிருந்தான். சக்கரம் சுழலும் ஓசை மட்டும் கேட்டது.

"அண்ணே, கண்ணைத் தொறங்க" என்றாள் அவள். "மூணும் அப்படியே இருக்கு."