பச்சை ட்வில்

நாற்பத்தாறு மணி நேரம் பூட்டிக் கிடந்ததாகச் சொல்லப்பட்ட அறையிலிருந்து தொண்ணூறு மீட்டர் துணி காணாமல் போயிருந்தது.

செஞ்சியில், திண்டிவனம் சாலையில் இருக்கிறது கலியபெருமாளின் தையல் கூடம். சனிக்கிழமை அமாவாசை. பாதிப் பேர் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விடுவார்கள் என்பதால் பகல் பன்னிரண்டு மணிக்கே துணி அறையைப் பூட்டினார்கள். திங்கள் காலை பத்து மணிக்குத் திறந்தபோது அலமாரியில் பச்சைச் சுருள் இல்லை. பூட்டு உடையவில்லை. குரங்குக்குப் பயந்து சன்னலில் அடித்த கம்பிவலையும் அப்படியே இருந்தது.

பத்தே முக்காலுக்கு உதவி ஆய்வாளர் சுமலதா வந்தார்.

"வேற துணி வாங்க முடியாதா?"

"கிடைக்காது மேடம்," என்றார் கலியபெருமாள். "ஏற்காட்டுல ஒரு விடுதி. காவலாளிங்களுக்கு ஜாக்கெட். காட்டன் ட்வில்லுதான் வேணும்னாங்க. நெசவு நெருக்கம், குளிர்காத்து உள்ள வராது. முள்ளு இழுத்தா சட்டுனு கிழியாது. தோய்க்கத் தோய்க்க மெத்துனு ஆவும். நீள நூலு பச்சைப் பாவு, குறுக்கு நூலு சாம்பல் ஊடைன்னு மில்லுல சொல்லி நெய்ஞ்சது. புதன்கிழமை குடுக்கலன்னா ஆர்டர் போச்சு."

மாதிரிக்குத் தைத்த ஜாக்கெட்டை நீட்டினார். கரும்பச்சை. சாய்வான மெல்லிய கோடுகள். உள்ளே முழுக்க வேறு துணி வைத்துத் தைத்திருந்தது.

"சாவி யார்கிட்ட?"

"மஞ்சுகிட்ட," என்றான் பிரசாந்த். கலியபெருமாளின் அண்ணன் மகன். கணக்கும் வண்டியும் அவன் பொறுப்பு. "அவகிட்ட மட்டும்தான்."

மஞ்சு கதவோரம் நின்றிருந்தாள். பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பதும் துணி அறையைப் பார்ப்பதும் அவள் வேலை.

"சாவியை யார்கிட்டயாச்சும் குடுத்தியா?"

"இல்ல மேடம்."

"சனிக்கிழமை எங்க போனே?"

"மலையனூரு. எழில் அக்காகூட. வேணும்னா அவங்களைக் கேளுங்க."

வாயிற்காவலர் கோவிந்தசாமி தானாகவே முன்னால் வந்தார். "ஒரு நூல்கண்டுகூட வெளிய போவல மேடம். ஓனரு சோத்துப் பையையே நான் தெறந்து பாத்துதான் உடுவேன்."

"அறையைப் பூட்டினதுக்கு அப்புறம் கூடத்துக்குள்ள யார் வந்தாங்க?"

"ஓனரு வந்தாரு. பிரசாந்த் தம்பி வந்துச்சு. மிஷின் பாக்க துரைக்கண்ணு வந்தான். எல்லாரும் வெறுங்கையோடதான் போனாங்க."

சுமலதா அலமாரியில் கையை ஊன்றியபடி யோசித்தார். கைக்குக் கீழே சாம்பல் நிறச் சுருள். பக்கத்தில் இன்னும் இரண்டு.

"இதெல்லாம்?"

"பாக்கெட்டுக்கு உள்ள வைக்கிற துணி," என்றான் பிரசாந்த். "மிச்சம். நாலு மணி வேன்ல திரும்பிப் போவுது. மேடம், இவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய்க் கேட்டீங்கன்னா சொல்லிடுவா."

மஞ்சு அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"எடுத்திருந்தா குடுத்துடு மஞ்சு," என்றார் கலியபெருமாள். "கேஸு வேணாம். வேலையை விட்டு நின்னுக்க, போதும்."

"நான் எடுக்கல சார்."

சுமலதா அலமாரியிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையில் சாய்வான கோடுகள் பதிந்திருந்தன. தன் காக்கிச் சட்டையின் கைப்பகுதியைப் பார்த்தார். அதிலும் அதே போன்ற கோடுகள்.

"மஞ்சு, இந்தச் சாம்பல் துணி திரும்பிப் போவுதுன்னு யார் சொன்னது?"

"அவரு."

"எவரு? ஓனரா?"

"இல்ல. அவரு." முகவாயால் காட்டினாள்.

"பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா பாப்பா?" என்றார் கோவிந்தசாமி.

யாரும் சிரிக்கவில்லை.

சுமலதா மாதிரி ஜாக்கெட்டின் கீழ்மடிப்பில் இரண்டு தையலைப் பிரித்துத் துணியின் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு கலியபெருமாளிடம் சொன்னார்:

"அந்த மூணு சுருளையும் கீழ இறக்குங்க."

முதல் இரண்டும் எளிதாக வந்தன. மூன்றாவதை அவரால் தனியாக அசைக்க முடியவில்லை. கோவிந்தசாமியும் ஒரு பக்கம் பிடித்தார்.

சுமலதா அதன் முனையைப் பிடித்துத் திருப்பினார். கரும்பச்சை.

கலியபெருமாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "காலையிலேருந்து இதைப் பாத்துட்டுதானே இருக்கேன்."

"பச்சையைத் தேடினீங்க. அதான் தெரியல," என்றார் சுமலதா. "பாக்கெட் துணி சாதா நெசவு. கோடு கிடையாது. இதுல இருக்குது. இந்த ட்வில்லுல பாவு மூணு ஊடைக்கு மேல போயி, ஒண்ணுக்குக் கீழ நுழையுது. அதனால முன்பக்கம் பச்சை. பின்பக்கம் சாம்பல். யாரோ சுருளைப் பிரிச்சு, பின்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிச் சுத்தியிருக்காங்க. சாம்பல் சுருளுன்னா வாசல்ல தடுக்க மாட்டாங்க."

"மிச்சம் திரும்புதுன்னு நானும் உட்டிருப்பேன்," என்றார் கோவிந்தசாமி மெதுவாக.

"திரும்புதுன்னு சொன்னது ஒருத்தர்தான். வேனுக்குச் சொல்லி வச்சதும் அவர்தான். நீங்கதானே பிரசாந்த்?"

"சாவியே எங்கிட்ட இல்லையே மேடம்." அவன் குரல் உயரவில்லை. "அவகிட்டயே கேளுங்க."

சுமலதா மஞ்சுவின் பக்கம் வந்து நின்றார்.

"எழில் பேரு சொன்னே. ஒரே ஒரு பேரு மட்டும் உன் வாயில வரல. எங்கம்மாவும் இப்படித்தான். ரேஷன் கடையில எங்க நைனா பேரு கேட்டா என் மூஞ்சைப் பாப்பாங்க. நான்தான் சொல்லணும்."

கலியபெருமாள் தலையைத் தூக்கினார்.

"இப்ப நான் சொல்ல முடியாது மஞ்சு. நீதான் சொல்லணும். சாவியை யார்கிட்ட குடுத்தே?"

மஞ்சு பிரசாந்தைப் பார்த்தாள். அவன் தரையில் விரிந்து கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரசாந்த்," என்றாள். இரண்டாவது முறை சொன்னபோது குரல் நடுங்கவில்லை. "பிரசாந்த்கிட்டதான் குடுத்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசமாவுது சார்."