அப்பாவுக்குப் பிடித்துப்போன ஃபேன்

புது ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அப்பாவின் மார்பில் கிடந்த செய்தித்தாள் காற்றுக்குப் படிந்து கிடக்காமல், யாரோ மேலிருந்து நூல் கட்டி இழுப்பதுபோல் நான்கு மூலைகளையும் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்குரூடிரைவரும் கையுமாகக் கட்டிலருகே நின்ற காத்தாடி, தன் முகத்தில் காற்றே படவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தான். அண்ணாந்து பார்த்தான். ஃபேன் கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்றியது. அவன் இதுவரை விற்ற ஃபேன் எல்லாம் அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுபவை.

காத்தாடி என்பது கடையில் வைத்த பெயர். பத்தொன்பது வருடமாக மின்சாதனக் கடையின் ஃபேன் பிரிவில் நிற்கிறான். அறையின் நீள அகலத்தைச் சொன்னால் போதும். எந்த அளவு இறக்கை, எத்தனை அங்குலக் கம்பி, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பான். அப்பேர்ப்பட்ட மேதை சொந்த வீட்டில் கெப்பாசிட்டரின் இரண்டு வயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருந்தான். ஃபேன் காற்றைக் கீழே தள்ளாமல் மேலே உறிஞ்சிக்கொண்டிருந்தது. கடையில் தெரிந்தால் ஒரு மாதத்துக்கு அவனைப் பார்க்கும்போதெல்லாம் எல்லோரும் கையைத் திருப்பிச் சுற்றிக் காட்டுவார்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். "உனக்கு விக்கத் தெரியும், மாட்டத் தெரியாது" என்று அப்பா சொல்லாமலிருந்தால் கூப்பிட்டும் இருப்பான்.

அப்பா எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, குறை கண்டுபிடித்து, முத்திரை போட மறுத்தே முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தவர். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓய்ந்ததில்லை. மகன் எப்போதும் ஐம்பது கிராம் குறைவாகவே நின்றான். மதிப்பெண்ணில் குறைவு, உயரத்தில் குறைவு, மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதில் சாமர்த்தியக் குறைவு. ஒன்றரை வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனபின், அப்பாவின் கண்ணுக்கு எட்டியது மேல்கூரை ஒன்றுதான். ஆகவே ஃபேனைச் சோதிக்க ஆரம்பித்தார்.

முதல் ஃபேன் பல்லைக் கடிக்கிறது என்றார். அடுத்தது அகல இறக்கை, பூனை நடப்பதுபோல் சத்தமில்லாதது. அதன் காற்று முகத்தில் அறைகிறதாம். மூன்றாவது, காத்தாடி தேடித் தேடி எடுத்த மென்காற்று ஃபேன். செத்தவனுக்கு வீசுகிற மாதிரி இருக்கிறது என்று அதையும் கழற்றச் சொன்னார். இது நாலாவது. இதையும் கழற்றினால் கடையில் மிச்சமிருப்பது டேபிள் ஃபேன்தான்.

வயரை மாற்றிக் கொடுக்க அவன் மறுபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறியபோது அப்பா கேட்டார்.

"எதுக்கு ஏறுற?"

"வயரை மாத்திக் குடுத்துட்டேன்ப்பா. பத்தே நிமிஷம்."

"வேணாம், இறங்கு. மூஞ்சில அடிக்கல. உடம்பு லேசா இருக்கு." அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "இதான்டா ஃபேன். நல்லாத்தான் பாத்து எடுத்திருக்க."

நாற்பத்தாறு வருடத்தில் விழுந்த முதல் முத்திரை. காத்தாடி ஸ்டூலிலிருந்து இறங்கி சமையலறைக்குப் போனான். குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய டம்ளர் ஒன்றை வெகுநேரம் கழுவிக்கொண்டு நின்றான்.

முதலில் வாசனைதான் போனது. களிம்பும், மூத்திரப் பையும், வியர்வை ஊறிய தலையணையும் சேர்ந்து ஒன்றரை வருடமாக அந்த அறைக்கென்று இருந்த வீச்சம், கதவைத் திறந்தால் சட்டையைப் பிடித்து உள்ளே இழுக்கும் வீச்சம், ஒரே வாரத்தில் துடைத்தெடுத்ததுபோல் இல்லாமல் போயிற்று, ஃபினாயில்கூட மணக்கவில்லை. பிறகு சத்தம். அடுத்த அறையிலிருந்து அப்பா கூப்பிட்டால் அந்தக் குரல் கட்டிலின் உயரத்திலிருந்து வராமல், கதவு நிலைக்கு மேலே எங்கிருந்தோ, மச்சில் நடமாடுகிற ஒருவர் பேசுவதுபோல் வந்தது. போனில் பேசிய தங்கை, அப்பா ஏன் இப்போதெல்லாம் அவ்வளவு தள்ளியிருந்து பேசுகிறார் என்று அவனைத்தான் கோபித்துக்கொண்டாள்.

அப்புறம் கனம். விரிப்பு மாற்ற அப்பாவைப் புரட்டிப்போட இரண்டு கையும், ஒரு முழங்காலும், அவன் இடுப்பிலிருந்து புறப்படும் ஒரு முனகலும் தேவைப்படும். இப்போது ஒரு கை போதும். உடற்பயிற்சியின் பலன் என்று நினைத்துக்கொண்டான். அப்படி எதுவும் செய்வதில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அப்பா இளைக்கிறாரே என்று மனம் அடித்துக்கொண்ட அதே நிமிடம், தன் இடுப்பு வலி போய்விட்டதையும் அது கவனித்தது. அந்த நினைப்பை அழுக்குத் துணியோடு சேர்த்து மடித்து வைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கைகளைத் துடைக்க ஃபேனை நிறுத்தினான். சுற்று அடங்க அடங்க, உயரத்திலிருந்து விழப்போகிறவரைப்போல் அப்பாவின் இரண்டு கையும் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தன. காத்தாடி ஸ்டூலில் ஏறினான். ஃபேனில் படியும் அழுக்கை அவனுக்குத் தெரியும். கறுப்பாக, பிசுக்காக, விளிம்பில் கோடு போட்டதுபோல் இருக்கும். இங்கே இறக்கை முழுவதும் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் வழித்துப் பார்த்தான். செதில். தலையில் உதிர்வதுபோல், முழங்காலில் உரிவதுபோல் மெல்லிய தோல் செதில். ஊடே நரைத்த முடி. இறக்கையை உள்ளங்கையால் தாங்கியபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. மோட்டார் சூடு என்று சொல்லிக்கொண்டான். மோட்டார் சூடு இறக்கை நுனிவரை வராது என்பதை வாரம் நாலு பேருக்கு விளக்குகிறவன் அவன்தான்.

"அப்பா, வயரை மாத்திடட்டுமா?"

"வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு உருப்படியா செஞ்ச. அதையும் கெடுக்கணுமா?"

துடைத்த துணியைத் தூக்கிப்போட்டுவிட்டு சுவிட்சைப் போட்டான். வயரை மாற்றினால் அப்பா தேறுவார் என்று அவனுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டேதான் இருந்தது. மாற்றினால் அந்த ஒரு முத்திரையும் அழிந்துவிடும் என்று இன்னொன்று சொன்னது. நாளைக்கு மாற்றலாம் என்று தினமும் முடிவெடுத்தான். பாராட்டுக்கு ஏங்கிய வயிறு எவ்வளவு கேவலமானது என்று நினைத்துச் சிரிக்கவும் செய்தான். சிரித்தானே தவிர ஸ்டூலை எடுக்கவில்லை.

அவன் கடையில் புதுக் குடித்தனக்காரத் தம்பதிக்குக் கம்பியின் நீளத்தை விளக்கிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் நர்சக்கா போன் செய்தாள். எதற்கும் பதறாதவள், ஆஸ்பத்திரிகளில் எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்டவள். கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்பதாகச் சொன்னாள்.

"தம்பி, நான் இனிமே வரல. உங்கப்பாவைத் தூக்க ஆள் வேணாம். அமுக்கிப் பிடிக்கத்தான் ஆள் வேணும்."

அவனுக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி கொஞ்ச நேரம் இருந்தான்.

"போர்வையை நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில சொருகிட்டு வந்திருக்கேன்" என்றாள். "சீக்கிரம் வாங்க."

அவன் போய்ச் சேர்ந்தபோது கேட்டருகே அவள் இல்லை. வாசலில் வெயில் வெள்ளையாக அடித்தது. தெருவில் எங்கோ ஒரு ரேடியோ. வீட்டுக்குள் கால் வைத்ததும் அந்தச் சத்தம் கேட்டது. ஃபேனின் உர்ரென்ற இரைச்சலுக்கு அடியில், நனைந்த துணி கிழியத் தயாராவதுபோல் ஒரு முறுகல், விட்டுவிட்டு.

அறைக்கதவு திறந்திருந்தது.

கட்டிலில் போர்வை கூடாரம்போல் எழும்பி நின்றது. அடியில் அப்பா. முதுகு மெத்தையில் இல்லை. தலையணைக்கும் தலைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதில் மதிய வெளிச்சம் தெரிந்தது. நரைமுடி எல்லாம் செங்குத்தாக, ஒரே முனையாகக் குவிந்து மேலே நீண்டிருந்தது. முகம் அமைதியாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

காத்தாடி சுவிட்சை அணைத்தான்.

ஃபேன் சுற்றியது.

மறுபடி போட்டான். மறுபடி அணைத்தான். சுற்றியது. கூடத்துக்கு ஓடி மெயினை இறக்கினான். ஃப்ரிட்ஜ் ஒரு தடவை குலுங்கி ஓய்ந்தது. வீடு முழுக்க அமைதி. அந்த அமைதியில் ஃபேன் இன்னும் தெளிவாகக் கேட்டது.

போர்வையின் ஒரு பக்கம் படக்கென்று உருவிக்கொண்டது.

அவன் கட்டிலில் ஏறி அப்பாவின் கணுக்கால்களைப் பிடித்தான். இரண்டும் ஒரு கைக்குள் அடங்கின. வெறும் தோலும் எலும்பும்கூட இல்லை, காய்ந்த மூங்கில். ஆனால் இழுப்பு பலமாக இருந்தது. தோள்மூட்டு வலித்தது.

"அப்பா, கட்டிலைப் பிடிச்சுக்கங்க. பிடிச்சுக்கங்கப்பா. நான் தப்பா மாட்டிட்டேன். அன்னைக்கே மாத்தியிருக்கணும். எனக்கு மாட்டத் தெரியாதுப்பா."

அப்பா அவனைப் பார்க்கவில்லை. மேலேயே பார்த்தார். உதடு அசைந்தது. குரல் உதட்டிலிருந்து வரவில்லை. இறக்கைகளுக்கு நடுவிலிருந்து வந்தது.

"விடு."

"மாட்டேன்."

"சொன்னா கேக்கணும். விடு."

நாற்பத்தாறு வருடத்தில் ஒரு தடவையும் அப்பா பேச்சைத் தட்டியதில்லை. இப்போது தட்டினான். மனதால் தட்டினான். முழு மனதோடு தட்டினான். விரல்கள் அவனைக் கேட்கவில்லை. பழகிய விரல்கள். ஒன்று திறந்தது. இன்னொன்று.

பிறகு எல்லாம்.

கண்ணை இறுக மூடிக்கொண்டான். கைகளை ஏந்தியபடி நின்றான். விழும். பிடித்துக்கொள்ளலாம். விழத்தானே வேண்டும்.

எதுவும் விழவில்லை. ஒரு துளிகூட.

ஃபேன் மட்டும் மெதுவாக வேகம் குறைந்தது. இரைச்சல் முனகலாயிற்று. முனகல் மூச்சாயிற்று. அவன் கண்ணைத் திறந்தான். மங்கிய வட்டமாக இருந்தது பிரியத் தொடங்கியது. இறக்கைகள் தனித்தனியே தெரிந்தன. வாங்கும்போது மூன்று இறக்கை. அவனே முறுக்கிப் பூட்டிய மூன்று.

எண்ணினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாவது மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டை. வெளிறிய நிறம். நடுவில் முழங்கை மடிவதுபோல் ஒரு மடிப்பு. அதன் நுனி ஐந்தாகப் பிரிந்து, அவன் தலைக்கு நேராக வரும்போதெல்லாம் மெல்ல விரிந்து, தடவுவதற்குக் கொஞ்சம் எட்டாமல், கடந்து போயிற்று.