நடுநிலை தவறியவன்

“கண்ணு தெரியலையா உங்களுக்கு? இது என் முகம்... குடை மாட்டுற ஆணி இல்ல!”

பெர்கன் துறைமுகத்து ட்ராம் நிறுத்தத்தில் சுன்னிவா சீறினாள். குடைக்காரன் பதறிப்போனான். அவன் குடைக்கம்பி அவளுடைய கம்பளித் தொப்பியில் சிக்கியிருந்தது. அதை விடுவிக்க அவன் குனிந்தபோதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள்... மழை ஓய்ந்ததும் கடலுக்கு ஒரு நிறம் வருமே, அந்த நிறம்.

“ஸாரிங்க... இந்த ஊர் மழை பக்கவாட்டுல பெய்யும்னு யாரும் சொல்லல.”

“பேச்சே சொல்லுதே... ஸ்வீடன்காரரா? அதானே! உங்க ஊர்ல மழைகூட அனுமதி கேட்டுட்டுத்தான் பெய்யும்.”

அவன் சிரித்துவிட்டான். பெயர் எஸ்கில். பிராயச்சித்தமாக, பக்கத்துக் கடையில் காபியும் இலவங்கப்பட்டை பன்னும் வாங்கிக் கொடுத்தான்.

“இவ்வளவு கோபம் குடைக்காக மட்டும் இருக்காதே?”

அவ்வளவுதான்... மடை திறந்தது.

“நாட்டுல வேதியியல் ஆராய்ச்சி எப்படி நடக்குதுன்னு மதிப்பெண் போட, நாளைக்கு எங்க நிலையத்துக்கு வெளிநாட்டு நிபுணர்கள் வர்றாங்க. எங்க தலைவர் டோர்லைஃப் இருக்காரே, மலிவான இரும்பை வச்சே வேதிவினையை நடத்திட்டேன்னு பேர் வாங்கினவர். நான் திரும்பச் செஞ்சு பார்த்தேன். வேலை செய்யறது இரும்பே இல்ல... அதுல அழுக்கா ஒட்டியிருக்கிற பல்லேடியம்ங்கிற விலையுயர்ந்த உலோகம்! அதைப் பத்தி என் கட்டுரையும் அச்சுல வந்தாச்சு. ஆனா நிபுணர்களுக்கு அவர் அனுப்பின அறிக்கையில அது இல்ல. என் பேரே இல்ல! அவங்க மட்டும் என்ன கிழிக்கப் போறாங்க? கட்டுரைகளை எண்ணிட்டு விமானம் ஏறிடுவாங்க.”

எஸ்கிலின் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தான்... அதற்குள் ட்ராம் வந்துவிட்டது. அவள் ஓடி ஏறிக்கொண்டாள்.

மறுநாள் நேர்காணல் அறையில் ஐந்து நிபுணர்கள். அவர்களில் ஒருவன்... அவன்!

அடப்பாவி... வேவு பார்த்தானா?

டோர்லைஃப் தன் இரும்பின் பெருமையைத் தேனாய்ப் பொழிந்துகொண்டிருந்தார். சுன்னிவாவின் ஒப்பந்தம் குளிர்காலம் தொடங்கும்போது முடிகிறது. நீட்டிப்பது அவர் கையில். இருந்தும் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“இது உண்மை இல்ல.”

எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். டோர்லைஃப் புன்னகைத்தார். “சின்னப் பொண்ணு... அவசரப்படறா.”

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது அவளுக்கு. எஸ்கிலைப் பார்த்தாள். நேற்று எல்லாம் கேட்டாயே... பேசு!

அவன் எழுந்தான். “மன்னிக்கணும். இந்த நிலையத்தை மதிப்பிட என்னால முடியாது. என் நடுநிலை போயிடுச்சு. விலகிக்கிறேன்.”

கதவைச் சாத்திக்கொண்டு போயே விட்டான். கோழை!

நேர்காணல் முடிந்து அவள் வந்தபோது, வெளியே நடைவழியில் நின்றிருந்தான். “சுன்னிவா, அறிக்கை வர்ற வரைக்கும் நான் உங்ககூடப் பேசக் கூடாது... விதி அப்படி.”

“ரொம்ப நல்லதாப் போச்சு! வழியை விடுங்க.”

ஒப்பந்தம் நீளவில்லை. நகரின் குடிநீரைச் சோதிக்கும் கூடத்தில் வேலை கிடைத்தது. குளிர்காலம் முழுக்க மழையையும் டோர்லைஃபையும் திட்டினாள். அதைவிட அதிகமாக, அந்த ஸ்வீடன்காரனை.

வசந்தத்தில் நிபுணர்களின் அறிக்கை வெளியானது. மற்ற நால்வரும் அவள் கட்டுரையைத் தேடிப் படித்திருந்தார்கள். ‘இரும்புக் கண்டுபிடிப்பு நிலைக்கவில்லை. அதை மறுத்த ஆய்வே இந்நிலையத்தின் நேர்மையான வேலை. அதை மறைத்தது கண்டிக்கத்தக்கது.’

இரண்டு முறை படித்தாள். எஸ்கில் மட்டும் அன்று உள்ளேயே இருந்து வாதாடியிருந்தால்? ‘அவளோடு காபி குடித்தவன்’ என்ற ஒரே வார்த்தையில் டோர்லைஃப் எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருப்பார்...

மறுநாளே ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகருக்குப் போய் அவன் ஆய்வகக் கதவைத் தட்டினாள். திறந்தவன் திகைத்து நின்றான்.

“ஒரு பன் தின்னு முடிக்கிற நேரத்துல உங்களுக்கு அப்படி என்ன நடுநிலை போச்சு?”

“உண்மையைச் சொன்னா அடிப்பீங்க.”

“சொல்லாட்டியும் அடிப்பேன்.”

“நீங்க பேசினதுல பாதி காதுலயே விழல... அந்தக் கோபத்தையே பார்த்துட்டிருந்தேன். அப்படிப்பட்டவன் எப்படிங்க மதிப்பெண் போடுவான்?”

சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின. கண்ணில் நீர் வேறு...

“அதை அன்னிக்கே சொன்னா என்ன?”

“விதி...”

“விதியாம், மண்ணாங்கட்டி! மனுஷி ஒருத்தி குளிர்காலம் பூரா உன்னைத் திட்டித் திட்டியே உன்னை விரும்ப ஆரம்பிச்சுட்டா... அதுக்கு எந்த விதியில பதில் இருக்கு? சொல்லுடா!”