கடித்துக் கொடுத்த ரொட்டி

மகள் பெர்மெட்டின் கம்பளிக் காலுறையைக் கழற்றி உதறியபோது தரையில் மணல் கொட்டியது. நூர்ஜமால் குனிந்து தொட்டுப் பார்த்தாள். சுட்டது. ஜனவரி மாதத்தில், நாரின் போன்ற மலையூரில் மணலுக்கு எங்கே போவது? வாசலில் இடுப்பளவு பனி. மலைப்பாதை அடைபட்டு, நிலக்கரி லாரி வந்து ஐந்து நாளாகிறது. ஆச்சரியப்படக்கூடத் தெம்பில்லாமல் அதைப் பெருக்கி அடுப்போரம் தள்ளினாள்.

மூடிக்கிடந்த நூலகத்திலிருந்து அடுப்பெரிக்கத்தான் புத்தகங்களை அள்ளி வந்திருந்தாள். அவற்றில் கராகூம் பாலைவனத்தைப் பற்றிய பழைய புத்தகம் மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. அதை அடுப்பில் போட மனம் வரவில்லை. மதியந்தோறும் மகளைப் போர்வைக்குள் அணைத்துக்கொண்டு படித்துக் காட்டினாள். படிக்கப் படிக்க, வரட்டிப் புகையும் ஆட்டுக்கொழுப்பு வாடையும் மங்கி, காய்ந்த செடியின் வாசமும் எங்கோ தொலைவில் ஒட்டக மணியின் சத்தமும் எழுந்து, ஆறு வயதுப் பிள்ளையின் நீலம் பாரித்த உதடுகள் மெல்லச் சிவக்கும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் பிள்ளையின் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்து வழக்கப்படி, ஊரைவிட்டுப் போகிறவர் ரொட்டியில் ஒரு வாய் கடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். மீதியை ஆணியில் மாட்டி வைப்பார்கள். அது போனவரைக் கூப்பிட்டுத் திரும்பக் கொண்டுவருமாம். பெர்மெட் விளையாட்டிலும் அதை விடவில்லை. பாலைவனத்துக்குப் போவதாகச் சொல்லி, தினமும் கடித்துவிட்டு அம்மாவை மாட்டச் சொல்வாள்.

இன்று பாதிப் பக்கத்திலேயே பிள்ளை கண்ணயர்ந்தாள். நூர்ஜமால் சாப்பிட்டு இரண்டு நாளாகியிருந்தது. கை தானாக ஆணிக்குப் போனது. கடைசி விள்ளலை விழுங்கிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

"பெர்மெட். எந்திரி கண்ணு. போதும், வீட்டுக்கு வா."

"வழி தெரியலம்மா." கண் திறக்கவில்லை. குரல் வெகுதூரத்திலிருந்து வந்தது. "ரொட்டிய தின்னுட்டியா?"

"இல்லடி."

"அப்ப ஏன் யாருமே கூப்பிடல?"

நூர்ஜமால் பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

புத்தகத்தை மூடினாள். ஒட்டக மணி நிற்கவில்லை. பிள்ளையின் மூச்சு அனலாக வந்தது. போர்வைக்கடியில் கால்கள் அசைந்தன. இடது. வலது. நடக்கிற கால்கள். வாளித் தண்ணீர் உறைந்து கிடந்தது. ஒரு துண்டு உடைத்து வாயில் வைத்தாள். நாக்கில் பட்டதும் ஆவியாகிப் போனது.

பயமாக இருந்தது. அழ வேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை. அடுப்பு எப்போதோ அணைந்து, விரல்கள் மரத்துவிட்டிருந்தன. ஜன்னலின் உள்பக்கமும் பனி படர்ந்துகொண்டிருந்தது. அந்த அறையில் சூடாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

நூர்ஜமால் போர்வையை விலக்கினாள். நடந்துகொண்டே இருந்த மகளின் மேல் இரண்டு கைகளையும் விரித்துக் குளிர் காய்ந்தாள்.